குழந்தைகளுடன் பினாங்குத் தீவின் பழைய கோட்டையையும் மாளிகைகளையும் கோயில்களையும் பார்ப்பது எப்படி

மலேசியாவின் பினாங்குக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் குடும்பங்களில் பல, கடற்கரையோர விடுதி ஒன்றில் தங்கிக்கொண்டு, பழைய நகரமான ஜார்ஜ் டவுனுக்கென்று ஒரே ஒரு நாளை ஒதுக்குகின்றன. அந்த ஒரு நாளுக்குள் கோட்டை, மாளிகை, பள்ளிவாசல், கோயில், மலை எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால், பிற்பகல் இரண்டு மணிக்குச் சின்னக் குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். பெரிய குழந்தை இன்னும் எத்தனை இடம் பாக்கி என்று கேட்டுக்கொண்டிருக்கும். முதல் பயணத்தில் என் பிள்ளைகளை நானும் அவ்வாறே இழுத்துக்கொண்டு நடந்தேன். அதனால் இரண்டாம் முறை திட்டத்தை முற்றிலும் மாற்றி அமைத்தோம். உள்ளே நுழைந்து பார்க்கும் இடம் நாளுக்கு ஒன்று, வெளியில் நடந்தபடி பார்க்கும் இடம் நாளுக்கு ஒன்று என்பது மட்டுமே எங்கள் விதியாக இருந்தது. மூன்று நாள்கள் இருந்தால் இந்த விதிப்படியே தீவின் சிறந்தவற்றைப் பார்த்துவிடலாம்.

இது இயலக்கூடியதாக இருப்பதற்குக் காரணம், ஊர் சிறியதாக இருப்பதுதான். 2008ஆம் ஆண்டு ஜூலையில் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ் டவுனின் மையப் பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டேர் மட்டுமே. பெரியவர் ஒருவர் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடுவார். குழந்தையுடன் நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரமும் வீணாவதில்லை.

புறப்படும் முன்

தள்ளுவண்டியை விடுதியிலேயே விட்டுச் செல்லுங்கள். கடைவீடுகளின் முன்னால் மேல்கூரையோடு அமைந்த நடைபாதையை மலேசியத் தமிழர்கள் அஞ்சடி என்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அதைவிட நல்ல அடைக்கலம் கிடையாது என்றாலும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதன் தரைமட்டம் மாறும். ஓரிடத்தில் இரண்டு படி ஏற வேண்டும், அடுத்த இடத்தில் ஒரு படி இறங்க வேண்டும், நடுவில் ஒரு மோட்டார் சைக்கிளோ மளிகை மூட்டையோ வழியை மறித்துக்கொண்டிருக்கும். கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் தொட்டில் பை இங்கே மிகவும் பயன்படும். எளிதில் கழற்றி மாட்டக்கூடிய காலணியை எல்லோரும் அணிவது நல்லது, ஏனென்றால் ஒரே காலையில் நான்கு வாசல்களில் அதைக் கழற்ற வேண்டியிருக்கும்.

வெளியிடங்களைக் காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரைக்குள் முடித்துக்கொண்டு, நண்பகலில் கூரையுள்ள இடத்துக்குள் இருந்துவிட்டு, நான்கு மணிக்குப் பிறகு மீண்டும் தெருவில் இறங்குவதே இந்தத் தீவின் வெப்பத்துக்கு ஏற்ற ஒழுங்கு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பிற்பகல் மழை அடிக்கடி பெய்யும் என்பதால் அப்போது குடை கட்டாயம். கட்டணம் வாங்கும் இடங்கள் பலவற்றில் சிறுவர்களுக்கும் மலேசியக் குடிமக்களுக்கும் கட்டணம் குறைவு. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

தீவுக்குள் நுழையும்போது, நேரம் இருந்தால், பாலத்தில் செல்லாமல் படகில் செல்லுங்கள். கோலாலம்பூரிலிருந்து வரும் ரயில் பட்டர்வொர்த்தில் நிற்கும். படகுத்துறை அதன் அருகிலேயே இருக்கிறது. இந்த ஊர் கப்பலால் பிறந்தது என்பதைக் கடலிலிருந்து பார்க்கும் குழந்தைக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இறங்கியபின் மரபுரிமைப் பகுதியைச் சுற்றிவரும் இலவசப் பேருந்தும் உண்டு, பேச்சா எனப்படும் மூன்று சக்கர மிதிவண்டியும் உண்டு. பேச்சாவுக்கு ஏறும் முன்னரே கூலியைப் பேசிக்கொள்ள வேண்டும்.

முதல் காலை: கோட்டையும் சாய்ந்த கடிகாரமும்

கார்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்குவது எல்லா வகையிலும் நல்லது. தீவின் நவீன வரலாறு தொடங்கிய இடம் அதுவே. குழந்தைகள் ஓடுவதற்குப் புல்வெளியும் அங்கே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு இங்கே வந்து இறங்கி, ஆகஸ்ட் 11ஆம் நாள் தீவைக் கைக்கொண்டபோது, கரையெங்கும் காடாக இருந்தது. காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியதால், அவர் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்றும், காசைத் தேடிப் போனவர்கள் மரத்தை வெட்டிக்கொண்டே போனார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. இது நடந்ததா இல்லையா என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த விவாதம் இரவு உணவு வரை நீடித்தது.

முதலில் நிபோங் என்னும் பனை வகை மரத்தின் கட்டைகளை நட்டு எழுப்பிய வேலியாக மட்டுமே இருந்த கோட்டை, 1804ஆம் ஆண்டுக்குப் பிறகு செங்கல்லாலும் கல்லாலும் மாற்றிக் கட்டப்பட்டது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கடல் கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி இதை நான் கட்டாயம் குழந்தைகளுக்குச் சொல்வேன். கோட்டைக்கு ஆளுநர் ஒருவரின் பெயர் இருக்கிறது, தெருக்களுக்கு அதிகாரிகளின் பெயர்கள் இருக்கின்றன, ஆனால் செங்கல் சுமந்தவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. இத்தனை உழைப்பில் எழுந்த இந்தக் கோட்டை எந்தப் போரையும் காணவில்லை.

உள்ளே பார்க்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான் என்றால் அது ஸ்ரீ ரம்பாய் என்னும் பீரங்கி. டச்சுக்காரர்கள் 1603ஆம் ஆண்டு வார்த்த அந்த வெண்கலப் பீரங்கி ஜொகூருக்குப் போய், அங்கிருந்து அச்சேக்குப் போய், பின்பு சிலாங்கூருக்கு வந்து, 1871ஆம் ஆண்டு பிரிட்டிஷாரின் கைக்கு மாறிப் பினாங்கை அடைந்தது. பிள்ளைப் பேறு வேண்டும் பெண்கள் அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கமும் இருந்திருக்கிறது. இத்தனையையும் பெரியவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு, குழந்தைகளிடம் ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள்: பீரங்கியின் மேல் எத்தனை சிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையைப் படித்துக் காட்டுவதைவிட இதுபோன்ற ஒரு சிறு வேலை அவர்களை அதிக நேரம் ஓரிடத்தில் நிறுத்தும் என்பதே என் அனுபவம்.

வெளியே வந்ததும் சாலை முனையில் விக்டோரியா மணிக்கூண்டு நிற்கிறது. விக்டோரியா அரசியின் ஆட்சி 60 ஆண்டுகளை எட்டியதைக் கொண்டாட 1897ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதால், ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரத்தில் அதைக் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் அருகே குண்டு விழுந்ததில் அது சற்றே சாய்ந்துவிட்டது. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை ஒரு கோலையோ குடையையோ நேராகப் பிடித்து அளந்து பார்க்கலாம்.

எந்த மாளிகை யாருக்கு

ஜார்ஜ் டவுனில் பெயர்பெற்ற பெரிய வீடுகள் மூன்று இருக்கின்றன; மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டாம். குழந்தையின் வயதைப் பொறுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

எட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் கூ கொங்சிக்குச் செல்லுங்கள். சீனாவின் ஹொக்கியன் (ஃபூஜியன்) மாநிலத்திலிருந்து வந்து குடியேறிய கூ குலத்தாரின் பொதுச் சொத்து அது. நம் ஊரில் பங்காளிகள் ஒன்றுகூடிக் குலதெய்வக் கோயில் எழுப்புவதைப் போலவே, ஒரே முன்னோரின் வழிவந்தவர்கள் சேர்ந்து கோயிலும் மேடையும் குடியிருப்பும் கொண்ட ஒரு சிற்றூரையே நகருக்குள் அமைத்துக்கொண்டார்கள். உள்ளே செல்லும் சந்து மிகக் குறுகலாக இருப்பது பாதுகாப்புக்காகவே. 1867ஆம் ஆண்டின் கலவரத்தில் இந்தத் தெருக்களில் பீரங்கியே முழங்கியிருக்கிறது. குறுகிய சந்திலிருந்து சட்டென்று விரியும் கல்முற்றத்தைக் கண்டதும் சிறுவர்கள் ஓடத் தொடங்குவார்கள். ஓடுவதற்கு அங்கே இடமும் உண்டு. முந்தைய கோயில் 1901ஆம் ஆண்டு எரிந்துபோனது. பேரரசரின் அரண்மனைக்கு இணையாகக் கட்டியதால் தெய்வங்கள் சினந்து எரித்துவிட்டன என்று நம்பிய குலத்தார், 1906ஆம் ஆண்டு முடிந்த இன்றைய கட்டடத்தைச் சற்று அடக்கமாகவே கட்டினார்கள் என்பார்கள். அந்த அடக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகே எரிந்தது எத்தனை பெரிதாக இருந்திருக்கும் என்ற எண்ணம் எழும். கூரை விளிம்பில் இருக்கும் பறவைகளும் மலர்களும் வண்ணம் பூசியவை அல்ல. பீங்கான் கிண்ணங்களை நறுக்கி ஒட்டியவை. முன்புறத்தில் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலரின் கற்சிலையையும் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை என்றால் சர்ச் தெருவின் பினாங்குப் பெரனாக்கான் மாளிகையே சிறந்தது. வெள்ளீயச் சுரங்கத்தால் செல்வந்தரான சுங் கெங் குவீ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய வீடு அது. சீனத்திலிருந்து வந்த வணிகர்கள் இம்மண்ணின் பெண்களை மணந்து உருவான குடும்பங்களே பெரனாக்கான் எனப்பட்டன. அவர்களின் சமையலறையில் அம்மியையும் மசாலாவையும் காணும் தமிழ்க் குழந்தை, இது பாட்டி வீட்டில் இருப்பதுதானே என்று கேட்கும். சீன மரச் செதுக்கலும், இங்கிலாந்துத் தரையோடும், ஸ்காட்லாந்து இரும்புத் தூண்களும் ஒரே கூடத்தில் நிற்கின்றன. எந்தப் பொருள் எந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்திருக்கும் என்று ஊகிக்கச் சொல்வது நல்ல விளையாட்டு. மணிகளைக் கோத்துத் தைத்த சின்னஞ்சிறு செருப்புகளின் முன் கட்டாயம் நில்லுங்கள். அவற்றின் நுண்மை பெரியவர்களையும் பேச்சற்று நிற்க வைக்கும். கண்ணாடிப் பொருள்கள் மிகுதி என்பதால் தவழும் குழந்தையைக் கீழே விடக்கூடாது.

லீத் தெருவில் இருக்கும் செங் பாட் சி மாளிகை, நீலச் சாயத்தால் மெழுகிய சுவர்களால் நீல மாளிகை என்றே அறியப்படுகிறது. 38 அறைகளும் 5 முற்றங்களும் 220 சன்னல்களும் கொண்ட அந்த வீடு மீட்டெடுக்கப்பட்ட விதம் யுனெஸ்கோவின் பாராட்டைப் பெற்றது. ஆனால் வழிகாட்டி சொல்வதை நின்று கேட்க வேண்டிய இடம் அது என்பதால், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே பரிந்துரைப்பேன். அதே வயதினருக்கு ஆர்மீனியன் தெருவில் உள்ள, சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென்னின் இல்லமும் பொருந்தும். 1910ஆம் ஆண்டு சீனப் புரட்சிக்கான திட்டம் தீட்டப்பட்ட சிறிய கடைவீடு அது. அதே தெருவில், 2012ஆம் ஆண்டு வரையப்பட்ட, உண்மையான மிதிவண்டியைச் சுவரோடு சேர்த்துப் பொருத்திய இரு குழந்தைகளின் ஓவியம் இருக்கிறது. படம் எடுக்க நீண்ட வரிசை நிற்கும். காலை எட்டு மணிக்குப் போனால் நிற்க வேண்டியதில்லை.

ஒரே தெருவில் நான்கு வழிபாடுகள்

இந்தத் தீவில் கட்டணமின்றிக் காணக் கிடைக்கும் மிகச் சிறந்த அருங்காட்சியகம் எது என்று என்னைக் கேட்டால், முன்பு பிட் தெரு எனப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவையே சொல்வேன். வடக்கில் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கித் தெற்கே சுமார் அரைக் கிலோமீட்டர் நடந்தால் போதும். 1818ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அந்த ஆங்கிலிக்கன் தேவாலயமும் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்ததுதான். காலையில் கோட்டைச் சுவரைத் தொட்ட கைகளுக்கு இங்கேயும் வேலை உண்டு. அடுத்தது சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில். ஊதுபத்திப் புகை கண்ணை எரிக்கும், கைக்குழந்தை இருந்தால் முற்றத்தில் நின்றே பாருங்கள்.

அங்கிருந்து ஒரு தெரு தள்ளி, குயின் தெருவில், 1833ஆம் ஆண்டு அமைந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் வட்டிக்கடை வைத்தவர்களும் பூக்கடைக்காரர்களும் வழிபட்ட தெய்வம். சுற்றியிருக்கும் தெருக்களில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் நிறைந்திருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு, கடல் கடந்த ஊரில் தன் மொழியில் ஒரு பலகையைத் தானே படிப்பது தரும் மகிழ்ச்சியை நேரில் பார்த்தால்தான் தெரியும். வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளை இங்கே அழைத்துவரச் சொல்வதற்கு எனக்கு வேறு காரணம் தேவையில்லை.

தெருவுக்குப் பெயர் தந்த பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பரங்கிப்பேட்டையிலிருந்து மரக்கலமேறி வந்து, இங்கு வாழ்ந்த தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராகக் கப்பித்தான் பட்டம் பெற்ற காதர் முகைதீன் அதை நிறுவினார். தொழுகை நேரம் தவிர்த்த வேளைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பார்கள். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வாசலில் அங்கி தருவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். மிக அருகில், சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் இடத்தில், நாகூர் ஆண்டவர் நினைவாக எழுந்த சிறிய தர்கா இருக்கிறது. நாகூரைப் பார்த்த குழந்தையாக இருந்தால் பெயரைக் கேட்டவுடன் புரிந்துகொள்ளும். பார்க்காத குழந்தைக்குக் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, நாகைக் கடலிலிருந்து இந்தத் தெரு வரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டுங்கள்.

பசித்தால் நாசி கண்டார் கடைகள் பக்கத்திலேயே உள்ளன. சோற்றையும் குழம்பையும் காவடியைப் போல் தோளில் தடியிட்டுச் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்த உணவு அது. குழம்பு காரமாக இருக்கும். பிள்ளைகளுக்கு ரொட்டி சானாய் போதும்.

மாலையில் கடலோரம்

வெயில் தாழ்ந்ததும் கடல்மேல் மரக்கால்களில் நிற்கும் குலத் துறைகளுக்குச் செல்லலாம். அவற்றுள் பெரியது சியூ துறை. பலகைப் பாதையில் இடைவெளிகளுக்குக் கீழே கடலைப் பார்ப்பது சிறுவர்களுக்குப் பெரிய வியப்பு. ஆனால் இவை குடும்பங்கள் வாழும் வீடுகள் என்பதை முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். திறந்த கதவுக்குள் எட்டிப் பார்ப்பதும், கேட்காமல் படம் எடுப்பதும், இருட்டிய பிறகு நடமாடுவதும் கூடாது. சிறு குழந்தையின் கையை விட வேண்டாம். விளிம்பில் எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை.

ஒரு நாள் மழையில் போய்விட்டால், கொம்தார் கோபுரத்தின் அடியில் இருக்கும் டெக் டோம் அறிவியல் கூடத்துக்குச் செல்லுங்கள். அது மரபுரிமை இடமல்ல; ஆனாலும் தொட்டுப் பார்க்கக் கூடாத பொருள்களையே இரண்டு நாளாகப் பார்த்த குழந்தைகளுக்கு, எல்லாவற்றையும் தொட்டு இயக்கிப் பார்க்கும் அரை நாள் தேவைப்படும்.

மூன்றாம் நாள்: மலையும் படிகளும்

நகரிலிருந்து வண்டியில் அரை மணி நேரத்துக்குள் மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் வந்துவிடும். கொடிமலை எனப்படும் பினாங்கு மலையின் ரயில் 1923ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. வடக்கயிற்றால் இழுக்கப்படும் அதன் பழைய பெட்டிகளில் ஏறியவர்கள் பாதி மலையில் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டு முதல் நேராகவே கடல் மட்டத்துக்கு 700 மீட்டர் மேலே போய்விடலாம். பள்ளி விடுமுறையில் வரிசை மிக நீளும் என்பதால் சீட்டை முன்பதிவு செய்துகொண்டு, காலையின் முதல் வண்டிகளில் ஏறிவிடுங்கள். முன்பக்கக் கண்ணாடியோரம் இடம் கிடைத்தால் குழந்தைகளை அங்கே நிறுத்துங்கள். மலைமேல் முருகன் கோயிலும் உண்டு. இறங்கும்போது மெல்லிய மேலாடை தேவைப்படாது, ஏறும்போது சில பிள்ளைகளுக்குத் தேவைப்படும்.

அருகிலேயே இருக்கும் கெக் லோக் சி புத்தர் கோயிலின் கட்டுமானம் 1890ஆம் ஆண்டு தொடங்கியது. 1930ஆம் ஆண்டு முடிந்த அதன் ஏழடுக்குக் கோபுரத்தை எட்டி நின்று பார்த்தால், அடிப்பகுதி சீனப் பாணியிலும் நடுப்பகுதி தாய்லாந்துப் பாணியிலும் உச்சி பர்மியப் பாணியிலும் இருப்பது தெரியும். மூன்றையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், படம் வரையும் குழந்தை என்றால் தாளையும் பென்சிலையும் கொடுங்கள். மேலே 30 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் சிலை இருக்கிறது. தாத்தா பாட்டி உடன் வந்தால், கடைகளின் நடுவே படியேறாமல் வண்டியிலேயே மேல்வாயில் வரை சென்றுவிடுவது நல்லது.

பயணத்தின் கடைசி இடமாகத் தண்ணீர்மலையை வைத்துக்கொள்ளுங்கள். அருவி இருக்கும் மலையாதலால் நம்மவர்கள் வைத்த பெயர் அது. நகரத்தார் 1857ஆம் ஆண்டு எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் சாலையோரமே இருக்கிறது. தைப்பூசத்தின்போது பினாங்குத் தெருவின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு இங்கேதான் வந்து சேரும். அந்நாள்களில் கூட்டம் அலைமோதும் என்பதால் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையோடு போகிறவர்கள், மலைக்குப் போகாமல், நகருக்குள்ளேயே ரதம் கடக்கும் வீதியில் நின்று பார்ப்பது நல்லது. மற்ற நாள்களில் மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகளை ஏறிச் செல்லலாம். காலை ஏழரை மணிக்குள் ஏறத் தொடங்கினால் நிழல் இருக்கும். நூறு படிக்கு ஒரு முறை உட்கார வையுங்கள். இறங்கியபின், 1884ஆம் ஆண்டு அமைந்த தாவரவியல் தோட்டம் சிறிது தூரத்திலேயே இருக்கிறது. அங்கே மரத்தடியில் சாப்பிட உட்காரும் முன் சுற்றிலும் பார்த்துக்கொள்ளுங்கள். குரங்குகள் நெகிழிப் பையின் சலசலப்பைக் கேட்டே இறங்கி வந்துவிடும். பழத்தையும் ரொட்டியையும் மூடியுள்ள டப்பாவில் எடுத்துச் செல்ல வேண்டும்.